வெற்றிலைப் பூச்சிக்குப் பெயர் தேடித் தந்த அடைவு: ஒரு மதிப்புரை

நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், ‘மிரிடே’ என்னும் நாவாய்ப்பூச்சிக் (குத்தி உறிஞ்சும் வாயுறுப்பு கொண்ட பூச்சிகளின்) குடும்பத்துக்கென ஒரு வகைப்பாட்டு அடைவைத் தொகுத்து, அதை இணையத்தில் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கிறது. ஒரே ஒரு பூச்சியின் பெயரைச் சரிபார்ப்பதற்காக அதற்குள் நுழைந்த நான், எட்டு மாதங்களாக அதை விடாமல் பயன்படுத்தி வருகிறேன். வேளாண்மை படிக்கும் மாணவர்களும், பயிர்ப் பாதுகாப்பில் பணிபுரிபவர்களும், ஆர்வத்தினால் பூச்சிகளைச் சேகரிப்பவர்களும் தமிழ்நாட்டில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இப்படியொரு சேவை இருப்பதையே அறியாமல், படங்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துப் பெயரை முடிவுசெய்துவிடுகிறார்கள். அந்தக் கவலையினால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெரியப்பா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். அகத்தியை நட்டு, அதன்மேல் கொடியை ஏற்றிக் கட்டி, நிழலும் ஈரமும் குறையாமல் காக்கும் அந்தத் தோட்டத்தில், இளம் இலைகளின் நரம்புகளுக்கு இடையே பழுப்பு நிறப் புள்ளிகள் தோன்றி, இலை சுருங்கிக் காய்ந்துபோவதைக் கண்டார். சில பூச்சிகளைப் பிடித்துப் புட்டியில் அடைத்து, அருகிலிருந்த ஒரு பூச்சிமருந்துக் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். அங்கே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ‘இது தேயிலைக் கொசு’ என்று சொல்லி, தேயிலைக்குப் பரிந்துரைக்கப்படும் மருந்து ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். “தேயிலைக்கும் நம்ம கொடிக்காலுக்கும் என்னப்பா சம்பந்தம், நீ படிச்சவன்தானே, பார்த்துச் சொல்லு” என்று அவர் புட்டியை என்னிடம் நீட்டியபோது, என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தேயிலைத் தூளைக் கொதிக்க வைத்து வடிகட்டிக் குடிக்கிறோம். வெற்றிலையையோ கொடியிலிருந்து கிள்ளியவுடன் துடைத்துவிட்டு அப்படியே வாயில் போட்டு மெல்லுகிறோம். அந்த இலையின்மீது எதைத் தெளிக்கிறோம் என்பது பெயர் சரியாக இருப்பதைப் பொறுத்தது.

மிரிடே என்பது நாவாய்ப்பூச்சிகளில் மிகப் பெரிய குடும்பம். 2012-இல் வெளிவந்த ஒரு விரிவான ஆய்வுக் கட்டுரை, அதுவரை விவரிக்கப்பட்ட சிற்றினங்களின் எண்ணிக்கையை 11,020 என்று குறிப்பிட்டது. பெரும்பாலானவை மிகச் சிறியவை. அவற்றின் உடல் மென்மையானது. கால்களும் உணர்கொம்புகளும் சற்று அழுத்தினாலே முறிந்துவிடும். முன்னிறக்கையின் தடித்த பகுதியின் நுனியில் ஆப்பு வடிவத்தில் தனியாகத் தெரியும் ஒரு துண்டும், அதை அடுத்த மெல்லிய சவ்வில் நரம்புகளால் சூழப்பட்ட ஒன்று அல்லது இரண்டு அறைகளும் இருந்தால் பெரும்பாலும் மிரிடே என்று கொள்ளலாம். ஒரே ஒரு துணைக்குடும்பத்தைத் தவிர ஏனையவற்றுக்கு நெற்றியில் தனிக்கண்கள் (பெரிய கூட்டுக்கண்கள் தவிர வேறாக இருக்கும் சிறு கண்கள்) கிடையாது. குடும்பம் வரை வருவது இவ்வளவு எளிதுதான், அதற்குக் கையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். பேரினத்துக்கு இறங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அந்த இடத்தில்தான் இந்த அடைவு எனக்குக் கைகொடுத்தது.

இந்த அடைவுக்கு ஒரு வம்சாவளி உண்டு, அதைத் தெரிந்துகொண்டால்தான் இதன் அருமை புரியும். பிரேசில் நாட்டு அறிஞர் கார்வாலோ, உலகின் மிரிடே பூச்சிகள் அனைத்தையும் ஓர் ஒழுங்கில் கொண்டுவர வேண்டும் என்று துணிந்து, ரியோ டி ஜனீரோவின் தேசிய அருங்காட்சியக வெளியீடாக 1957 முதல் 1960 வரை ஐந்து பகுதிகளில் ஓர் அடைவை வெளியிட்டார். கணினியின் உதவி இல்லாத காலத்தில், பல மொழிகளிலும் பல நாட்டு இதழ்களிலும் சிதறிக் கிடந்த பெயர்களைத் தனி ஒருவர் அப்படித் திரட்டியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அதற்கு முன்பே, 1955-இல், உலகப் பேரினங்கள் அனைத்துக்குமான இனங்காணும் திறவுகோலையும் அவர் வெளியிட்டிருந்தார். அவருக்குப் பின் அந்தப் பணியை ஏற்றவர் நியூயார்க் அருங்காட்சியகத்தின் ரேண்டல் ஷூ. 1995-இல் அவர் அச்சில் கொண்டுவந்த உலக அடைவு 1,329 பக்கங்கள் கொண்டது. அந்த நூலின் தரவுகளே பின்னர் இணையத்துக்கு ஏற்றப்பட்டு விரிவாக்கப்பட்டன. 2003-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் ஷூவும் ஆஸ்திரேலியாவின் ஜெராசிமோஸ் காசிஸும் தலைமையேற்று, மிரிடேயின் இரண்டு பெரிய துணைக்குடும்பங்களை உலக அளவில் கணக்கெடுக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, இந்த அடைவு அதன் அடித்தளமாக அமைந்தது.

பக்கத்தின் தோற்றத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. வண்ணப் படங்களை எதிர்பார்த்துச் செல்பவருக்கு முதல் பார்வையிலேயே ஏமாற்றம் வரலாம். ஆனால் ஒரு பேரினத்தின் பெயரை இட்டுத் தேடினால் விரிவது ஒரு முழு வரலாறு. அந்தப் பெயரை முதலில் வைத்தவர் யார், எந்த ஆண்டில், எந்த இதழின் எத்தனையாம் பக்கத்தில் என்பது முதலில் வருகிறது. அதன்பின், அதே பூச்சிக்கு வேறு வேறு காலத்தில் வைக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட பெயர்கள் நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே, அந்தப் பெயரைக் கையாண்ட பிற்காலக் கட்டுரைகள் ஒவ்வொன்றும், அதில் இருப்பது விவரிப்பா, படமா, வெறும் பட்டியலா, உணவுத் தாவரக் குறிப்பா என்று சொல்லும் ஒரு சிறு குறிப்போடு அடுக்கப்பட்டிருக்கின்றன. பிறகு பரவல், பிறகு உணவுத் தாவரங்கள். பத்துக் கட்டுரைகளைத் தேடிப் பிடித்துப் படித்த பிறகே எந்தக் கட்டுரையில் படம் இருக்கிறது என்று தெரியவரும் நிலையில் இருந்த எனக்கு, அந்தச் சிறு குறிப்பு மிச்சப்படுத்திய நாட்கள் ஏராளம்.

என் புட்டியில் இருந்த பூச்சிகளுக்கு வருகிறேன். தேயிலைக் கொசு என்று தமிழில் அழைக்கப்படுவது கொசுவே அல்ல, மிரிடே குடும்பத்தைச் சேர்ந்த ‘ஹெலோபெல்டிஸ்’ என்னும் பேரினம். பிரெஞ்சுப் பூச்சியியலாளர் சிக்னோரே 1858-இல் அதை நிறுவினார். தென்னிந்தியாவில் அதன் மூன்று சிற்றினங்கள் முதன்மையானவை. தேயிலையில் ‘தெயிவோரா’, முந்திரியிலும் வேம்பிலும் ‘அந்தோணியை’, இவ்விரண்டோடும் சேர்ந்து காணப்படும் ‘பிராடியை’ ஆகியவையே அவை. இந்தப் பேரினத்தை அடையாளம் காண்பதற்கு ஒரு குறி போதும். முதுகின் நடுவே இறக்கைகளுக்கு இடையில் இருக்கும் முக்கோணத் தகட்டிலிருந்து, குண்டூசியைக் குத்தி நிறுத்தியது போல, நுனியில் உருண்டை கொண்ட ஒரு முள் நேராக எழுந்து நிற்கும். உணர்கொம்புகள் உடலைவிட நீளமானவை. நான் முதலில் செய்தது அந்த முள்ளைத் தேடியதுதான். புட்டியில் இருந்த பதினோரு பூச்சிகளில் வளர்ந்த ஏழில் ஒன்றுக்கும் அது இல்லை. முக்கோணத் தகடு சற்றே உப்பி, பளபளப்பாக, முள்ளின்றி இருந்தது. உடலும் தேயிலைக் கொசுவைவிடத் தடித்திருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். முள் இல்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இளம் பருவங்களைப் பிரிக்கக் கூடாது. ஹெலோபெல்டிஸின் முட்டையிலிருந்து வெளிவரும் முதல் பருவக் குஞ்சுக்கும் அந்த முள் இருக்காது. இரண்டாம் பருவத்தில்தான் அது தோன்றும். என் புட்டியில் இருந்த நான்கு குஞ்சுகளும் அந்தப் பருவத்தைக் கடந்தவையாக இருந்ததால் குழப்பம் நேரவில்லை. ஆனால் மிகச் சிறிய குஞ்சுகளை மட்டுமே கையில் வைத்திருப்பவர், வளர்ந்தவை கிடைக்கும்வரை காத்திருப்பதே நல்லது.

அடுத்ததாக, தமிழ்நாட்டு வேளாண் பாடநூல்களிலும் பழைய அறிக்கைகளிலும் வெற்றிலையைத் தாக்கும் நாவாய்ப்பூச்சிக்கு ‘டிஸ்பிங்க்டஸ்’ என்ற பேரினப் பெயரையே கண்டேன். சில இடங்களில் அது ‘டிஸ்பிங்க்டஸ் பொலிட்டஸ்’, சில இடங்களில் ‘டிஸ்பிங்க்டஸ் மேசாரம்’. அண்மைக் கட்டுரைகளிலோ அதே பயிர், அதே சேதம், ஆனால் பெயர் ‘பேக்கிபெல்டிஸ்’. மூன்று பூச்சிகளா, இரண்டா, அல்லது ஒன்றே மூன்று பெயர்களில் வருகிறதா என்று தெரியாமல் நான் தடுமாறிய இடம் இது. பாடநூலை எழுதியவரிடம் குற்றமில்லை, அவர் காலத்தில் வழங்கிய பெயரை அவர் எழுதினார். பெயர் மாறியதைக் கற்பிப்பவர்களிடம் கொண்டுசேர்க்கும் வழி நம்மிடம் இல்லை என்பதே உண்மையான குறை.

அடைவில் ‘பொலிட்டஸ்’ என்னும் சிற்றினப் பெயரைத் தேடியதும் முடிச்சு அவிழத் தொடங்கியது. அந்தப் பெயரை வைத்தவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சேகரிப்புகளை அடைவாக்கிய பிரான்சிஸ் வாக்கர், ஆண்டு 1873. ‘மேசாரம்’ என்னும் பெயரை வைத்தவர் கிர்கால்டி, ஆண்டு 1902. இரண்டும் தனித்தனிச் சிற்றினங்கள். இரண்டும் ஒரு காலத்தில் டிஸ்பிங்க்டஸில் வைத்துப் பேசப்பட்டு, இன்று சிக்னோரேயின் பேக்கிபெல்டிஸ் என்னும் பேரினத்தில் வைக்கப்படுகின்றன. ஹெலோபெல்டிஸை நிறுவிய அதே 1858-இல் அதே அறிஞர் நிறுவிய பேரினம்தான் பேக்கிபெல்டிஸ். உடன்பிறந்தவர்கள் போல ஒரே ஆண்டில் பெயர் பெற்ற இரண்டில், ஒன்றைப் பற்றித் தேயிலையும் முந்திரியும் கொக்கோவும் விளையும் நாடுகளிலெல்லாம் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்துவிட்டன. மற்றொன்று, வெற்றிலைபோலச் சில நாடுகளில் மட்டும் மதிப்புள்ள பயிரைத் தாக்குவதாலோ என்னவோ, ஏறத்தாழ அறியப்படாமலே கிடக்கிறது.

‘பொலிட்டஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்கு மெருகேற்றப்பட்டது என்று பொருள். மிரிடே பூச்சிகள் பலவற்றின் உடலில் நுண்ணிய மயிர்களும் புள்ளிக்குழிகளும் நிறைந்திருக்க, என் உருப்பெருக்கியின்கீழ் இருந்த பூச்சியின் கழுத்துத் தகடு எண்ணெய் பூசியது போல மின்னியது. வாக்கர் அதைப் பார்த்துத்தான் பெயர் வைத்தாரோ என்று எண்ணிக்கொண்டேன். ஆயினும் பெயரின் பொருளை வைத்துப் பூச்சியை முடிவுசெய்வது வகைப்பாட்டாளர் செய்யத் தகாத செயல் என்பதால், மூல விவரிப்புகளைத் தேடிப் போனேன்.

இந்த அடைவின் வரம்பு எது என்பது அங்கேதான் எனக்குத் தெளிவானது. வாங்கப் போகும் பொருளின் பயன் என்ன என்று தெரிந்துகொள்வது போல இதையும் பயனர் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். இது பூச்சியை அடையாளம் காட்டும் கருவி அல்ல. ‘உணர்கொம்பு நீளமாக இருந்தால் இங்கே போ, குட்டையாக இருந்தால் அங்கே போ’ என்று வழிகாட்டும் திறவுகோல் அடைவின் வேலை அல்ல. எந்தப் பெயர் செல்லும், எது செல்லாது, அந்த முடிவை எடுத்தவர் யார், அவர் அதை எங்கே எழுதியிருக்கிறார் என்பதைச் சொல்வதே அதன் வேலை. கையில் ஓரளவு சரியான ஊகத்துடன் வருபவருக்கு இது பெருந்துணை. ஊகமே இல்லாமல் வருபவருக்கு ஊர்ப் பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னது போல இருக்கும்.

ஆகவே இதோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டியவற்றையும் சொல்கிறேன். பூச்சியியலாளர் டிஸ்டன்ட் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொகுதிகளில் நாவாய்ப்பூச்சிகளுக்கான பகுதிகள் 1902 முதல் 1918 வரை வெளிவந்தன. மிரிடே பூச்சிகள் பற்றிய முதன்மைப் பகுதி 1904-ஆம் ஆண்டுத் தொகுதியில் இருக்கிறது. ஆனால் அங்கே ‘மிரிடே’ என்று தேடினால் கிடைக்காது, ‘கேப்சிடே’ என்றுதான் தேட வேண்டும். அந்தக் காலத்தில் இந்தக் குடும்பத்துக்கு அந்தப் பெயரே பரவலாக வழங்கியது. இந்தத் தொகுதிகள் பல்லுயிர்ப் பாரம்பரிய நூலகம் என்னும் இணைய நூலகத்தில் முழுவதும் படியெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அடைவில் கண்ட பக்க எண்ணை வைத்துக்கொண்டு அந்த நூலகத்துக்குப் போனால், நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய விவரிப்பை ஐந்து நிமிடங்களில் படித்துவிடலாம். முன்பு கல்கத்தாவுக்கோ இலண்டனுக்கோ கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டிய ஒன்று இது. ஹெலோபெல்டிஸாக இருக்கலாம் என்ற ஐயம் இருப்பவர்கள், கிழக்குலகச் சிற்றினங்களைப் பற்றி ஸ்டோன்டால் 1991-இல் எழுதிய வழிகாட்டுக் கட்டுரையைத் தவறாமல் பார்க்க வேண்டும். நிறத்தை நம்பி எத்தனை பேர் ஏமாந்தார்கள் என்பது அதைப் படித்தால் விளங்கும்.

நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம்மிடையே நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் அதனால் வருபவை என்றே நினைக்கிறேன். மிரிடே பூச்சிகளில் ஒரே சிற்றினத்தின் ஆணும் பெண்ணும் நிறத்தில் வேறுபடுவதுண்டு. தோலுரித்துச் சில மணி நேரமே ஆன பூச்சி வெளிறியிருக்கும். சாராயத்தில் ஊறியதில் சிவப்பு கரைந்து மஞ்சளாகிவிடும். என் பெரியப்பா பிடித்துக் கொடுத்தவை புட்டியில் இரண்டு வாரம் ஊறியவை என்பதால், மறுபடியும் கொடிக்காலுக்குப் போய், அதிகாலையில் இலையின் அடிப்பக்கத்தில் ஒதுங்கியிருந்தவற்றைப் பிடித்து, உலர்ந்த நிலையில் தடித்த தாளின் கூர்முனையில் பசையிட்டு ஒட்டிவைத்தேன். ஊசியை நேராக உடலில் குத்தினால் இந்த மென்மையான பூச்சிகள் சிதைந்துபோகும்.

சிற்றினத்தை உறுதிசெய்ய ஆணின் வயிற்று நுனியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மிரிடே ஆண்களின் இனப்பெருக்க உறுப்பில் இடப்பக்கக் கொக்கியும் வலப்பக்கக் கொக்கியும் ஒன்றைப்போல ஒன்று இருப்பதில்லை. பெரும்பாலும் இடப்பக்கத்தது பெரியது, வளைவும் வேறு. வயிற்றின் நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மெல்லச் சூடேற்றி, தசை கரைந்தபின் கிளிசரினில் வைத்துப் பார்த்தால் அந்த வளைவுகள் தெளிவாகத் தெரியும். அடைவு இங்கே செய்த உதவி மறைமுகமானது, ஆனால் முக்கியமானது. எந்தக் கட்டுரையில் இந்த உறுப்பின் படம் இருக்கிறது என்பதை அதன் சிறு குறிப்புகளே எனக்குக் காட்டின. அந்தப் படங்களோடு ஒப்பிட்டதில் மூன்று ஆண்களை மேசாரமுடன் பொருத்த முடிந்தது. இரண்டு ஆண்களைப் பற்றி எனக்கு இன்னமும் ஐயம் இருக்கிறது. பெண்களைச் சிற்றினம் வரை கொண்டுபோக நான் முயலவே இல்லை.

ஒரு பெயரைத் திருத்துவதால் என்ன ஆகிவிடும் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. தெயிவோராவின் கதையையே அவர்களுக்குச் சொன்னேன். வாட்டர்ஹவுஸ் 1886-இல் தேயிலைப் பூச்சிக்கு அந்தப் பெயரை வைத்தார். பிற்காலத்தில் கொக்கோவைத் தாக்கிய பூச்சிக்கு ‘தியோப்ரோமே’ என்ற தனிப் பெயர் வைக்கப்பட்டது. கொக்கோ ஆய்வாளர்கள் ஒரு பக்கமும் தேயிலை ஆய்வாளர்கள் மறு பக்கமும் தத்தம் பூச்சியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்னர் இரண்டும் ஒரே சிற்றினம் என்று முடிவானது. இப்போது அடைவில் ஒரு பெயரைத் தேடினால் இரு தரப்பு எழுத்துகளும் ஒன்றின்கீழ் வந்து நிற்கின்றன. தேயிலைக்காரர் கொக்கோக்காரரின் அனுபவத்தைப் படிக்க முடிகிறது. என் பெரியப்பாவின் பூச்சியில் நடந்தது இதற்கு நேர்மாறானது. இரண்டு பேரினங்களை ஒன்றாக எண்ணியதால், தேயிலைக் கொசுவைப் பற்றிய அறிவுரைகள் வெற்றிலைக்குத் தவறாகக் கடத்தப்பட்டன. சுற்றுப்புறத்தில் எந்தச் செடிகளில் இந்தப் பூச்சி பெருகும், எதை வெட்டி அகற்ற வேண்டும் என்பதெல்லாம் பேரினத்துக்குப் பேரினம் மாறக்கூடியவை.

உணவுத் தாவரப் பட்டியலைப் பற்றி ஒரு சொல். இந்த அடைவின் மிகச் செழிப்பான பகுதி அதுதான், அதே சமயம் மிக நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதியும் அதுவே. ஒரு கட்டுரையில் ஒரு பூச்சி ஒரு செடியில் கண்டெடுக்கப்பட்டதாக இருந்தால், அடைவு அதை உண்மையோடு பதிவு செய்கிறது. அந்தப் பூச்சி அச்செடியில் உண்டதா, முட்டையிட்டதா, பறந்து போகும் வழியில் இளைப்பாறியதா என்பதை மூலக் கட்டுரை சொல்லாவிட்டால் அடைவும் சொல்ல முடியாது. கொடிக்காலில் இந்தச் சிக்கல் கண்ணெதிரே நடக்கிறது. வெற்றிலைக் கொடி அகத்தியைத் தழுவி நிற்பதால், அகத்தித் தண்டிலும் இலையிலும் இந்தப் பூச்சிகள் எப்போதும் உட்கார்ந்திருக்கும். வலையை வீசிப் பிடிப்பவர் சீட்டில் ‘அகத்தி’ என்று எழுதிவிட்டால், அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு அகத்தியும் உணவுத் தாவரமாகவே நிலைத்துவிடும். குஞ்சுகள் எந்தச் செடியில் இருக்கின்றன, முட்டை எந்தத் திசுவுக்குள் செருகப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே சரியான வழி. நான் மூன்று வாரம் தேடியதில் அகத்தியில் ஒரு குஞ்சைக்கூடக் காணவில்லை. வெற்றிலையின் இளந்தண்டிலும் காம்பிலுமே அவை இருந்தன.

மேசாரம் முந்திரியிலும் தேயிலைக் கொசுவின் சிற்றினங்களோடு சேர்ந்து காணப்படுவதாக இந்தியக் கட்டுரைகளில் பதிவாகியிருக்கிறது. ஆகவே முந்திரித் தோப்புகளில் சேதத்தை ஆராய்பவர்களும், கிடைத்த எல்லாவற்றையும் ஹெலோபெல்டிஸ் என்று ஒரே புட்டியில் போடாமல் இருக்க வேண்டும்.

இந்தப் பேரினத்தில் என் ஆர்வத்தை மேலும் கிளறிய செய்தி ஒன்று உண்டு. 2017-இல் சீன ஆய்வாளர்கள், மைக்கேனியா என்னும் படர்கொடியை உண்ணும் ஒரு பேக்கிபெல்டிஸைப் புதிய சிற்றினமாக விவரித்து, அதற்கு ‘மைக்ராந்தஸ்’ என்று பெயரிட்டனர். அந்தக் கொடி தென்னமெரிக்காவிலிருந்து வந்து, சீனாவின் தென்பகுதியைப் போலவே நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பகுதிகளிலும் காடுகளையும் தோட்டங்களையும் மூடிப் படர்ந்திருக்கிறது. அந்தக் களையைக் கட்டுப்படுத்த இந்தப் பூச்சி உதவக்கூடும் என்பதே அவர்களுடைய எதிர்பார்ப்பு. வெற்றிலைக்குப் பகையான ஒரு பேரினத்தின் இன்னொரு சிற்றினம் களைக்குப் பகையாக இருக்கிறது. அப்படியானால் இரண்டையும் பிரித்தறிவது எவ்வளவு தேவையானது என்று எண்ணிப் பாருங்கள். களையைத் தின்னும் என்று நம்பி ஒன்றைக் கொண்டுவந்து விட, அது வெற்றிலையைத் தேடிப் போகுமானால் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது. இத்தகைய அண்மைக் காலச் சிற்றினங்களுக்கு, அடைவோடு நின்றுவிடாமல், புதிய சிற்றினங்களை வெளியிடும் வகைப்பாட்டு இதழ்களையும் நேரடியாகத் தேடிப் பார்க்கும் வழக்கம் வேண்டும். எந்த அடைவுக்கும் இது பொருந்தும்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், முதலில் வேளாண் கல்லூரிகளில் பூச்சியியல் பாடம் நடத்துபவர்களுக்கு. ஒரு பயிருக்கு ஒரு பாடவேளையை ஒதுக்கி, பாடநூலில் இருக்கும் மிரிடே பெயர்களை மாணவர்களையே இந்த அடைவில் சரிபார்க்கச் சொன்னால், பெயர் என்பது மனப்பாடம் செய்யும் சொல் அல்ல, மாற்றத்துக்கு உட்பட்ட ஒரு கருத்து என்பது அவர்களுக்கு விளங்கும். அடுத்து, பழைய சேகரிப்புப் பெட்டிகளைப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்கு. ஆங்கிலமும், இலத்தீன் பெயர்களைப் படிக்கும் பழக்கமும் ஓரளவு வேண்டும். அவை இல்லாதவர்கள் அருகில் உள்ள ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது. படத்தைப் பார்த்துப் பெயர் தெரிந்துகொள்ள விரும்பும் விவசாயிக்கு இது நேரடியாகப் பயன்படாது. அவருக்காக நாம் இதைப் பயன்படுத்திச் சொல்ல வேண்டும்.

என் தேடலில் இந்த அடைவுக்காகச் செலவான பணம் எதுவும் இல்லை. ஊசி, தாள், பசை, கிளிசரின், ஒரு நண்பரின் ஆய்வகத்தில் உருப்பெருக்கியைப் பயன்படுத்தக் கிடைத்த இரண்டு சனிக்கிழமைகள், இவ்வளவே. தேர்ச்சியுள்ள ஒருவர் ஒரே நாளில் முடிக்கக்கூடியது எனக்கு எட்டு மாதம் எடுத்தது. அதில் பெரும்பகுதி அடைவு சுட்டிய கட்டுரைகளைத் தேடிப் படிப்பதில் போயிற்று, அதை வீண் என்று நான் கருதவில்லை.

பெரியப்பாவிடம் போய், இது தேயிலைக் கொசு இல்லை, அதற்கு உறவான வேறொன்று, வெற்றிலைக்கே உரியது, அந்த மருந்தை இதற்குத் தெளிக்க வேண்டாம் என்று சொன்னேன். “அப்போ இதுக்கு என்னதான் பேரு?” என்றார். பேக்கிபெல்டிஸ் என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, வாங்கி வைத்திருந்த மருந்துப் புட்டியைத் திறக்காமலே கடையில் திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்தார். இப்போது அதிகாலையில் தாக்குதல் கண்ட கொழுந்துகளைக் கிள்ளி அழிப்பதையும், குஞ்சுகளைக் கையால் பிடிப்பதையும் வீட்டார் அனைவரும் செய்கிறார்கள். என் பெட்டியில் மூன்று பூச்சிகளின் சீட்டில் ‘பேக்கிபெல்டிஸ் மேசாரம், கிர்கால்டி, 1902’ என்று எழுதியிருக்கிறேன். ஏனையவற்றின் சீட்டில் பேரினப் பெயருடன் நிறுத்திவிட்டு, சிற்றினத்துக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கார்த்திகை மழைக்குப் பின் கொடிக்காலில் ஆண் பூச்சிகள் மீண்டும் கிடைத்தால், அந்த இரண்டு ஐயங்களையும் தீர்த்துக்கொள்ள முயல்வேன்.